கழிவுவாயு நல்வாழ்வுக் குழுவின் குற்றால ஆய்வு

உலக நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரைகளில் தோன்றின என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. சொல்லிவிட்டுப் போகட்டும். காற்றே தேவைப்படாத முதல் நாகரிகம் தோன்றிய பெருமை, அச்சன்புதூர் போகிற வழியில் இருக்கும் நயினார் அண்ணாச்சியின் செங்கல் சேம்பருக்கே உரியது.

சேம்பர் என்றால் உயரமான புகைபோக்கி வைத்த பெரிய சூளை. அண்ணாச்சியும் உயரமாகத்தான் கட்ட ஆரம்பித்தார். பாதி ஏறும்போது செங்கலுக்கு நல்ல விலை வந்துவிட்டது. மீதிப் புகைபோக்கியை விற்றுவிட்டார். அன்றிலிருந்து புகை, வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தின் அடுக்களை ஜன்னல் உயரத்துக்கே இறங்கி வந்து, அக்கம்பக்கத்தாரோடு சரிசமமாகப் பழகிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பத்தின் புருஷன் ஜெபஸ்டின், ஒரு காலத்தில் கோயில் பாடகர் குழுவில் நீட்டி முழக்கிப் பாடியவர். இப்போது ‘ஆமென்’ சொல்வதற்குள் ரெண்டு தடவை மூச்சு வாங்குகிறார். மூச்சுவிடக் காற்று இல்லை என்று அவள் அரசாங்கத்துக்கு மனு கொடுத்தாள். கேட்டது ஒன்றுதான்: புகையை நிறுத்துங்கள், இல்லையென்றால் சேம்பரை நிறுத்துங்கள்.

ஆனால் காலம் முன்னேறிவிட்டதே! இன்றைய ‘வளர்ச்சி’த் தத்துவப்படி, கழிவு என்று உலகில் எதுவும் கிடையாது; இன்னும் விற்காத சரக்கு மட்டுமே உண்டு. ஆகவே அண்ணாச்சி கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனியைக் கூட்டிவந்தார். கம்பெனியோடு ஸ்வாதி என்ற பெண்ணும், லாரியில் ஓர் எவர்சில்வர் தொட்டியும் வந்தன. தங்கபுஷ்பம் வேலியோரம் நின்று விசாரித்தாள்.

“இம்மாம் பெரிய தொட்டிக்குள்ள என்னம்மா வச்சிருக்கிய?”

“கிருமிங்க அக்கா. நல்ல கிருமி. சேம்பர்ல வர்ற விஷவாயுவைத் தின்னுட்டு எரிசாராயமா மாத்திக் குடுக்கும்.”

“புகையத் தின்னுட்டுச் சாராயமா? எங்க தெருவுல சாராயத்தக் குடிச்சிட்டுப் புகைய விடுத ஆளத்தான் பாத்திருக்கேன்.”

ஸ்வாதி சிரித்தாள். “ஒண்ணே ஒண்ணுதான் அக்கா. இந்த மூடியைத் திறக்கவே கூடாது. காத்து பட்டா அதுங்க செத்துடும்.”

“காத்து பட்டாச் சாவுமா?”

“ஆமா, ஆக்சிஜன்தான் அதுங்களுக்கு விஷம்.”

தங்கபுஷ்பம் திரும்பி, வாசலில் நாற்காலி போட்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்த ஜெபஸ்டினைப் பார்த்தாள். “அப்போ சரியான எடம் பாத்துத்தாம்மா குடிவந்திருக்கு.”

அண்ணாச்சி ஊர்க்கூட்டத்தில் நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் செய்தார். “கிருமி பொழச்சா இங்கன புகை இருக்காது. கிருமி செத்தா இங்கன சேம்பர் இருக்காது. சர்க்காரோட கழிவுவாயு நல்வாழ்வுக் குழு வந்து பாத்துச் சொல்லட்டும். கட்டுப்படுதேன்.”

தங்கபுஷ்பம் அன்று வீட்டுக்கு வந்து, ரொம்ப நாளைக்கப்புறம் மீன்குழம்பு வைத்தாள். “எப்படி விழுந்தாலும் நமக்குத்தாங்க ஜெயம்!”

“ஏட்டி,” என்றார் ஜெபஸ்டின், மூச்சுக்கு நடுவே. “அண்ணாச்சி சுண்டுத காசுக்கு... மூணாவது பக்கமும் இருக்கும்.”

கிருமிகள் நன்றாகவே வேலை பார்த்தன. தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக எரிசாராயம் இறங்கியது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று தென்காசி வெயில் கொளுத்தியபோது, குழுவுக்கு ‘பணிச்சுமை’ காரணமாக வர இயலவில்லை. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழுந்ததும், சென்னையிலிருந்த குழுவைக் கழிவுவாயு பற்றிய கவலை திடீரென்று பற்றிக்கொண்டது. அன்றே புறப்பட்டார்கள். கவலை மிகுதியால் மனைவி, மக்கள், மச்சினன், துண்டு, எண்ணெய் சகிதமாகப் புறப்பட்டார்கள்.

முதல் நாள் குழு மெயின் அருவியை ஆய்வு செய்தது. மறுநாள் ஐந்தருவி; அருவி ஐந்தாகப் பிரிந்து விழுவதால் ஆய்வும் ஐந்து மடங்கு நேரம் பிடித்தது. பிறகு மங்குஸ்தான் பழமும் நாட்டுக்கோழியும் ஆராயப்பட்டன. எல்லாம் முடிந்து, தலை துவட்டிய ஈரத்தோடு சேம்பருக்கு வந்து சேர்ந்தார் குழுத்தலைவர் ஆதித்தன். குளித்தவர் எல்லாரும் செய்வதைப் போல அவரும் ஒரு பாட்டிலில் அருவித் தண்ணீர் பிடித்து வந்திருந்தார்.

“எங்கே அந்த உயிர்கள்?”

“இந்தக் கண்ணாடி வழியாப் பார்க்கலாம் சார்,” என்றாள் ஸ்வாதி.

“கண்ணாடி வழியாப் பார்த்தா அதுக்குப் பேர் வேடிக்கை. திறந்து பார்த்தாத்தாம்மா ஆய்வு.”

“சார், காத்து பட்டா...”

அண்ணாச்சிக்கு மானம் போனது. “ஏம்மா, அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக. விருந்தாளிக்கு மூடி வச்சிக் காட்டுதது எங்க ஊருல பழக்கம் இல்ல. தெறம்மா!”

அவள் தொட்டியின் குறுக்கே நின்றாள். அண்ணாச்சியின் ஆட்கள் அவளை மரியாதையாக நகர்த்திவிட்டு மூடியைக் கழற்றினார்கள். தலைவர் குனிந்து பார்த்தார். பிறகு மச்சினன் பார்த்தார். குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். “ரொம்ப வாட்டமா இருக்கே,” என்று தலைவர் பரிவோடு சொல்லி, பாட்டிலைத் திறந்து உள்ளே ஊற்றினார். “மூலிகைத் தண்ணி. தெம்பா இருக்கும்.”

மறுநாள் காலை ஸ்வாதி அழுதுகொண்டே வந்தாள். “எல்லாம் செத்துடுச்சு அக்கா.”

தங்கபுஷ்பம் அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசுக்குள் ஒரு மூலையில் சேம்பர் மூடிக்கொண்டது. ஜெபஸ்டினைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, தீர்ப்புக் கேட்கப் போனாள்.

சேம்பர் வாசலில் இரங்கல் கூட்டம். தொட்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். “நாட்டுக்காகப் புகையை உண்டு உயிர்நீத்த கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி,” என்றார் தலைவர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அந்த மௌனத்தில் ஜெபஸ்டினுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

“யாரது, சாவு வீட்டில் மரியாதை இல்லாமல் இருமுவது?”

தங்கபுஷ்பம் முந்தானையால் புருஷன் வாயைப் பொத்தினாள். அஞ்சலி இனிது நிறைவடைந்தது. விசாரணை தொடங்கியது.

“மரணத்துக்குக் காரணம்?” என்று கேட்டார் தலைவர்.

“காத்து சார். ஆக்சிஜன்,” என்றாள் ஸ்வாதி.

“எங்கிருந்து வந்தது?”

“நீங்க மூடியைத் திறந்தீங்க...”

“எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டேன்.”

“...வெளியிலேருந்து. இந்த இடத்துலேருந்து.”

தலைவர் முகம் மலர்ந்தது. “ஆக, கோடானுகோடி உயிர்களை ஒரே ராத்திரியில் கொல்லும் அளவுக்கு இந்த இடத்தில் ஆக்சிஜன் பொங்கி வழிகிறது! காற்று இல்லை என்ற மனு தள்ளுபடி.”

“ஐயா!” தங்கபுஷ்பம் முன்னால் வந்தாள். “கிருமி செத்தா சேம்பர மூடுதேன்னு அண்ணாச்சி சத்தியம் பண்ணுனாகளே?”

“சத்தியந்தான் தங்கச்சி,” என்றார் அண்ணாச்சி உருக்கமாக. “என் புகையால செத்திருந்தா இன்னிக்கே மூடிருப்பேன். நல்ல காத்தால செத்தா நான் என்ன செய்ய?”

“மேலும்,” என்றார் தலைவர், “இங்குள்ள காற்று மிகுதியைச் சமன் செய்ய, இரண்டாவது சேம்பருக்குக் குழு பரிந்துரைக்கிறது.”

கைதட்டல். தங்கபுஷ்பம் நகரவில்லை; புருஷனைக் கைகாட்டினாள். “கிருமி செத்துக் காத்து இருக்குன்னு ஆயிட்டு. அப்போ காத்து இல்லன்னு காட்ட இவுக சாவணும். அப்படித்தானய்யா?”

தலைவர் கொஞ்ச நேரம் நியாயமாக யோசித்தார். “ஒருத்தர் போதாதும்மா. அங்கே கோடிக்கணக்கில் செத்திருக்கிறது.”

குழு காரில் ஏறியது. சாரல் நிற்பதற்குள் இன்னொரு குளியல் பாக்கியிருந்தது. அப்போது பார்த்துக் காற்று திரும்பி, பாதிப் புகைபோக்கியிலிருந்து புகை புரண்டு வந்தது. கார்க் கண்ணாடிகள் நாலும் மளமளவென்று ஏறின. தலைவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டார்.

தங்கபுஷ்பம் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“என்னத்துக்குய்யா அடைக்கிய? பொங்கி வழியுத காத்துதான! கிருமிதான காத்து பட்டாச் சாவும்?”