கருங்காலி டயர்

இந்த முறை பணிவதில்லை என்று தலைவர் முடிவெடுத்தார். ஏகமனதான முடிவு. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

மனைவியின் அண்ணனுக்கு மூட்டில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தனி ஆள். ஒரு வாரம் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்களும் வரவேண்டும் என்று அவள் கேட்டாள். தலைவர் மறுத்தார். இழுபறிக்குப் பிறகு, காலையில் போய் மாலையில் திரும்புவது என்று பேச்சுவார்த்தை முடிந்தது. முடிந்த பிறகு அவருக்கு அந்த ஒரு பகலும் உறுத்தியது. அவன் சாதாரண மச்சானா? ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது, வாசலில் தலைவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, பின்பக்கச் சுவரேறிக் குதித்து வேலைக்குப் போன கருங்காலி. வேலைநிறுத்தம் தோற்றது. மச்சானுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இவருக்குத் தலைவர் என்ற பட்டப்பெயர் மட்டும் மிஞ்சியது.

ஆகவே, அவள் எழுவதற்குள் சுத்தியலும் ஆணியுமாகக் காரிடம் போனார். வெளியூரில் வேலை கிடைத்த மகள் விட்டுப்போன கார். ஓட்டுபவள் மனைவிதான். தலைவருக்கு எதையும் ஓட்டத் தெரியாது, நிறுத்தத்தான் தெரியும். முதலாளிமார் வண்டிகளில் பழகிய கை, பின் டயரில் ஆணியை இறக்கியது. லேசாக ஆட்டிவிட்டதும் காற்று சீறிக்கொண்டு வெளிநடப்பு செய்தது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கார் நிமிர்ந்து நிற்கிறது. குனிந்து காதை வைத்துக் கேட்டார். காற்று போய்விட்டது. டயர் மட்டும் சப்பையாகவில்லை.

மனைவி சாவியைத் திருகினாள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் டயரில் காற்றில்லை என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தது.

“பஞ்சர் போலிருக்கு,” என்றார் தலைவர், துக்கவீட்டுக் குரலில். “இன்னைக்கு வேணாம். இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

“ஏறுங்க. இது காத்து இல்லாமயே ஓடுற டயர். பக்கமெல்லாம் கெட்டி. மெதுவா போனா அண்ணன் வீடு வரைக்கும் தாங்கும்.”

இப்படியொரு பொருளை அவர் கேள்விப்பட்டதே இல்லை. காற்று வெளியேறிவிட்டதாம், டயர் உள்ளே நின்று உழைக்கிறதாம். அசல் கருங்காலி. மச்சான் வீட்டுக்குப் போக இதைவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது என்று கசந்துபோய் ஏறினார்.

தெருமுனையில் பஞ்சர் கடை வந்தது. அவள் நிறுத்தவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. கடைக்காரன் ஆணியைப் பிடுங்கிப் பார்த்து ஏதாவது கேட்டுவைத்தால் என்ன செய்வது என்ற பயம். மாட்டுவண்டி வேகத்தில் அடுத்த ஊர் போய்ச் சேர்ந்தார்கள். “வாங்க மாப்பிள்ளை,” என்று மச்சான் கோலை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தலைவருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சாப்பிட்ட கையோடு மனைவியை இழுத்துக்கொண்டு அந்த ஊர் டயர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் டயரைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, ஒரு பிடி கறுப்புத் தூளை அள்ளிக் காட்டினார். ஆணி ஏறியவுடன் கொண்டுவந்திருந்தால் உள்பக்கம் ஒட்டிக் கொடுத்திருப்பாராம். காற்றில்லாமல் இவ்வளவு தூரம் ஓட்டியதில் பக்கச்சுவர் உள்ளே அரைபட்டுவிட்டது. வெளியே தெரியாது, என்றைக்கு வெடிக்கும் என்றும் தெரியாது. புது டயர்தான். வரவழைக்க ஒரு வாரம் ஆகும். இந்தக் காரில் மாற்றுச் சக்கரமும் கிடையாது.

தலைவர் பொங்கினார். ஒட்ட முடியாது என்பது கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை. உழைத்துத் தேய்ந்ததைத் தூக்கி எறியச் சொல்வது முதலாளி புத்தி. கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனார். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவேன் என்று தலைவர் மனைவியை மிரட்டினார். தாராளமாகப் போங்கள், அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாள். அவர் பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நம்ம தெருமுனையிலயே ஒட்டியிருக்கலாமே,” என்றார் தளர்ந்துபோய். “ஏன் நிறுத்தாம வந்த?”

“ஒட்டியிருந்தா சாயங்காலம் திரும்பணும். புது டயர் வர ஒரு வாரம் ஆகும்னு மக முன்னமே சொல்லியிருக்கா. ஒரு வாரம் வேணும்னுதானே நான் கேட்டேன்.”

“ஆணி ஏறினது உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“சுத்தியல் சத்தம் கேட்டுத்தாங்க எழுந்தேன். உடனே உங்களுக்கும் ஒரு வாரத்துக்குத் துணி எடுத்து வச்சுட்டேன்.”