பண்புக்கு நூற்றுக்கு நூறு

மனிதகுலம் இதுவரை கண்ட பெரும் முன்னேற்றங்கள் மூன்று: நெருப்பு, சக்கரம், புதிய பல் மருத்துவர்களிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பு. தொழிலுக்கு வேண்டிய ‘பண்புத் திறன்கள்’ எவை என்று கேட்டதற்கு, புன்னகை, கண் பார்த்துப் பேசுதல், காதுகொடுத்துக் கேட்டல், மன்னிப்புக் கோரல் என்று ஒருமனதாக எழுதித் தந்தார்கள். மருத்துவமனை உடனே ஒரு குழு அமைத்தது. குழு உடனே ஒரு மதிப்பெண் தாள் அச்சடித்தது.

அதில் தேறினால்தான் புது டாக்டரம்மா தனியாக வைத்தியம் பார்க்கலாம். ஆகவே பரீட்சைக்குச் சொந்தத் தாய்மாமாவையே நோயாளியாக அழைத்து வந்திருந்தாள். அவருக்கும் கீழே இடது கடைவாய்ப்பல் ஒரு வாரமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. படுத்திருப்பவரின் இடது, எதிரே நிற்பவருக்கு வலது. குழம்பக் கூடாதென்றுதான் பல்லுக்கு எண் வைத்தார்கள். இடப்பக்கம் முப்பத்தாறு என்றால், அதே பல் வலப்பக்கம் நாற்பத்தாறு. எவ்வளவு அழகான ஏற்பாடு! டாக்டரம்மாவுக்கு இது தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் இப்போது விழித்திருந்தாள். மாமாவின் கண்களைவிட்டுப் பார்வையை எடுத்தால் இரண்டு மதிப்பெண் போய்விடும்.

ஊசி போட்டதும் மாமாவின் வலது கன்னம் மரத்துப்போனது. அவர் திடுக்கிட்டார். அதற்குள் வாய் நிறையப் பஞ்சு.

“எப்படி இருக்கு மாமா? மனசுல இருக்கறதைத் தாராளமா சொல்லுங்க.”

“ஆ... ஆங்ஆ!”

“உங்க உணர்வு எனக்குப் புரியுது மாமா.”

“அருமை!” என்றார் மூலையில் தாளோடு உட்கார்ந்திருந்த குழுத் தலைவர். “காதுகொடுத்துக் கேட்டல், பத்துக்குப் பத்து.”

மாமா இடது கன்னத்தைச் சுட்டி விரலை ஆட்டினார். அவள் அந்த விரலைப் பிடித்துத் தடவிக்கொடுத்தாள். ‘ஆறுதல் தொடுகை’, பத்துக்குப் பத்து. மாமா காலை உதைத்தார். அவள் முகக்கவசத்துக்குள் புன்னகைத்தாள். தலைவர் கவசத்தை லேசாக விலக்கிப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

பல் வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டுச் சொத்தை இல்லாமல்.

பஞ்சை எடுத்ததும் மாமா சொன்னார்: “பாப்பா, இது நல்ல பல்லு. வலிக்கிறது அந்தப் பக்கம்.”

அவள் கை நடுங்கியது. “ஐயோ மாமா! என்ன காரியம் பண்ணிட்டேன்...”

“நிதானம், டாக்டர்!” தலைவர் எழுந்தே விட்டார். “மன்னிப்புக் கோரல் இன்னும் பாக்கி இருக்கு. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் இப்படியொரு வாய்ப்பு அமையல!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவின் உயரத்துக்குக் குனிந்து, சாக்குப்போக்கு சொல்லாமல், முறைப்படி மன்னிப்புக் கேட்டாள். தலைவர் மூக்கை உறிஞ்சினார். “நூற்றுக்கு நூறு! ஐயா, நீங்களும் நாலு வார்த்தை எழுதிக்கொடுங்க.”

மாமா கோணிய வாயோடு எழுதிக்கொடுத்தார்:

“இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் திருடியதில்லை. பாப்பாவுக்காவது கை நடுங்கியது. காவல் நின்ற ஐயாவுக்கு அதுவும் இல்லை.”