மூக்கொழுவி ஃபேஷியல்

"மூக்கொழுவி உள்ளதானே கீறா? வரச் சொல்லு!"

வாசல் பக்கமிருந்து வந்த குரலைக் கேட்டதும், நிலா மேடத்தின் கன்னத்தில் முல்தானி மட்டி பூசிக்கொண்டிருந்த பொன்மணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

லஸ்ஸில் அவள் நடத்தும் இந்த பியூட்டி பார்லரில் அவள் பொன்மணி என்பதுகூட யாருக்கும் தெரியாது. போர்டில், பில்லில் எல்லாம் 'மோனா'. மூக்கொழுவி என்பது அடையாறு ஆற்றங்கரைக் குடிசைகளில், வருடம் முழுக்கச் சளியோடு திரிந்த ஒரு சிறுமியின் பெயர். குடிசைகளைக் காலி செய்து ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பியபோது, அந்தப் பெயரும் அங்கேயே ஒழிந்தது என்று நினைத்திருந்தாள்.

இன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்? நிலா மேடம் தி. நகரில் கல்யாணப் பட்டுக்கடை வைத்திருப்பவர். பிடித்துப்போனால் கடைக்கு வரும் மணப்பெண்களையெல்லாம் இங்கேயே அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்.

"யா... யாரு அது?" என்றார் நிலா, கண்ணைத் திறக்காமல்.

"அட்ரஸ் மாறி வந்துட்டாங்க மேடம்."

திரையை விலக்கி, உதவியாளர் ஜஹீதா தலையை நீட்டினாள். "அக்கா, மூக்கொழுவின்னா யாருக்கா? உள்ள நுழையறத ரோட்லேர்ந்து பாத்துச்சாம் ஒரு அம்மா. பாக்காம போமாட்டேன்னு நிக்குது."

"யாருமில்லடி. அது புது ஃபேஷியல். கொரியாவுலேர்ந்து வந்தது. மூ-கொ-லு-வி. ஸ்டாக் இல்லன்னு அனுப்பு."

"ஆமாமா, நான்கூட கேள்விப்பட்டிருக்கேன்," என்றார் நிலா அவசரமாக. "ரொம்ப நல்ல ஃபேஷியல். அந்தம்மாவ சீக்கிரம் அனுப்பிடுங்க."

பொன்மணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெரிய இடத்துப் பெண்கள் ஒன்றைத் தெரியாது என்று சொல்லவே மாட்டார்கள்.

பக்கத்து நாற்காலியில் சூடாமணி மாமி நிமிர்ந்தாள். "அத்தனை நல்லதா? நேக்கும் அதையே போட்டுடேன். நாளைக்கு ஆத்துல நிச்சயதார்த்தம்."

"ஸ்டாக் இல்ல மாமி..."

"கொஞ்சமாவது இருக்கும். வழிச்சுப் போடு."

வேறு வழியில்லை. பொன்மணி கடலை மாவில் தயிரைக் கலந்தாள். வெளிநாட்டு வாசனைக்காக யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு விடப்போனபோது, "எவ்ளோ நேரமானாலும் நிப்பேன்!" என்று வெளியே குரல் கேட்டது. திரும்பிப் பார்த்ததில் பாதி பாட்டில் கவிழ்ந்தது.

பூசிய மறுநிமிடம் மாமி தும்ம ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. "அடியே, மூக்கு கொட்டறதே!"

"அதான் மாமி ட்ரீட்மென்ட். உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வெளிய வருது."

"ஏ மூக்கொழுவி!" வெளிக்குரல் இப்போது உடைந்திருந்தது. "பாவாடையில மூக்கத் தொடச்சிக்கினு என் பின்னாடியே ஓடியாருவியே! இப்ப கூப்ட்டாகூட வரமாட்டியா? உன் மூஞ்சிய பாத்து எத்தினி வருசமாவுது!"

பொன்மணி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மோனாவை யாராவது இப்படித் தேடி வந்து அழுவார்களா? அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் ஒருத்தர்கூட எட்டிப்பார்த்ததில்லை.

"மன்னிச்சிடுங்க மேடம். கொரியாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூக்கொழுவி நான்தான்!"

நிலா அவள் கையை இறுகப் பிடித்தார். "வேணாங்க, திரையைத் தொறக்காதீங்க!"

பொன்மணி கையை உதறித் திரையை இழுத்துத் தள்ளினாள். வாசலில் நின்ற நரைத்த பெண்ணின் முகம் சுத்தமாக நினைவில்லை. இருந்தால் என்ன? ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அக்கா! நான்தான்க்கா, பொன்மணி! இப்பவும் பனி விழுந்தா ஒழுவத்தான் செய்யுது!"

பார்லரே கேட்டது. பொன்மணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூக்கும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண் மெல்லத் தன்னை விடுவித்துக்கொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாம்மா, யாரு நீ? நான் என் தங்கச்சியப் பாக்க வந்தேன். அதோ, மூஞ்சில சேத்தப் பூசிக்கினு தூங்கற மாறி படுத்துக்கினு கீது பாரு, அதான் எங்கூட்டு மூக்கொழுவி!"