மதி, மதி என்று கூப்பிட்டார்கள்

கடைசி ஓவர் போடுகிறவனை யாரும் முழுதாக நம்புவதில்லை. முதல் ஓவரில் இருபது ரன் கொடுத்தவன் மர நிழலில் உட்கார்ந்து நிம்மதியாக மோர் குடித்துக்கொண்டிருப்பான். கடைசி ஓவரில் எட்டு ரன் கொடுத்தவனைப் பார்த்துத்தான் ஊரே ‘இவன் வெல போயிட்டானோ’ என்று முணுமுணுக்கும். நானும் லேசுப்பட்டவன் இல்லை. யாராவது தோளைத் தட்டி ‘நல்லாப் போட்ட’ என்றால், இவன் எதற்கு அடிபோடுகிறான் என்று ரெண்டு நாள் யோசிப்பேன். (என் மனைவி இதை வியாதி என்கிறாள். அப்படிச் சொல்வதில் அவளுக்கு என்ன உள்நோக்கமோ.)

என் பெயர் மதியழகன். ஊர் கடமலைக்குண்டு. இப்போது தேனியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையில் வேலை பார்க்கிறேன். கல்லூரி முடித்துவிட்டு, வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்த காலத்தில் நான் டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் ‘கெஸ்ட்’. அதாவது, சொந்த ஊர்ப் பையன்களை நம்பாத அணிகள் வெளியூரிலிருந்து கூட்டிவரும் ஆள். ஒரு ஞாயிறு பெரியகுளத்துக்கு ஆடுவேன், அடுத்த ஞாயிறு போடிக்கு. அதற்கடுத்த ஞாயிறு, போன மாதம் யாரைத் தோற்கடித்தேனோ அவர்களுக்கே ஆடுவேன். வழிச்செலவு, மத்தியானம் பிரியாணி, ஒரு ஜெர்சி. அந்த ஜெர்சி எப்போதும் அன்றைக்கு வராமல்போன வேறு எவனோ ஒருவனுடையதாக இருக்கும். முருகேசன், ரபீக், டேவிட் என்று எல்லாச் சாமிகளின் பெயரையும் முதுகில் சுமந்து பந்து போட்டிருக்கிறேன். ஆட்டம் முழுக்க எல்லைக்கோட்டில் நின்று காய்ந்துவிட்டு, கடைசியில் வந்து ஆறு பந்து. அவ்வளவுதான் என் தொழில்.

அந்த வருடம் எனக்கு உத்தமபாளையத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் பெயர் ராஜேஸ்வரி. பூ வைத்து உறுதி செய்ய வேண்டியதுதான் பாக்கி. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது; பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அவளுடைய அப்பா திராட்சைத் தோட்டக்காரர். வியாபாரி, மருந்துக் கடைக்காரன், மேகம் என்று யாரையும் நம்பாதவர். வேலையில்லாமல் பந்து போட்டுத் திரிகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று இழுத்தார். அவளுடைய அண்ணன் சரவணன்தான் எனக்காகப் பேசினான். அவன் உத்தமபாளையம் அணியின் கேப்டன். “கடைசி ஓவர்ல கை நடுங்காத பயப்பா. கல்யாணம் ஆனாலும் நடுங்காது” என்று சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான். ஆக, என் கல்யாணமே நான் போடும் பந்தை நம்பித்தான் நின்றது.

அந்த நேரம் பார்த்து குமுளியிலிருந்து ஷாஜி போன் செய்தார். ஜீப் ஓட்டுகிறவர், அங்குள்ள அணிக்குக் கேப்டன். லோயர் கேம்ப்பில் நடக்கும் போட்டிக்கு ஒரு கடைசி ஓவர் ஆள் வேண்டும் என்றார். பெயர் கேட்டார். மதி என்றேன். சிரித்தார். பெயரைச் சொன்னதற்கு எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போதே ஒரு சந்தேகம் விழுந்தது. அதே போட்டியில் சரவணன் அணியும் ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டேன், அவர்கள் எப்படியும் முதல் ஆட்டத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில். (வருங்கால மச்சானின் ஆட்டத்தின்மேல் எனக்கிருந்த மரியாதை அவ்வளவுதான்.) அவர்கள் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்து, இறுதிப் போட்டியில் எங்களுக்கு எதிரே வந்து நின்றார்கள்.

விஷயம் எப்படியோ ஷாஜி காதுக்குப் போய்விட்டது. காலையிலேயே வந்து, எதிர் கேப்டன் தங்கச்சியைத்தான் கட்டப்போகிறாயாமே என்று கேட்டார். இன்னும் பூ வைக்கவில்லை என்றேன். அதை ஒரு பதிலாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குக் குமுளிக்காரர்கள்மேல் அதைவிடப் பெரிய சந்தேகம் இருந்தது. என்னை நேருக்கு நேராகக் கூப்பிடும்போது எல்லோரும் ‘தேனி’ என்பார்கள். தங்களுக்குள் மலையாளத்தில் பேசும்போது மட்டும் அடிக்கடி ‘மதி, மதி’ என்றார்கள். எங்கள் வருசநாட்டுப் பக்கம் மலையாளம் பஸ்ஸில்கூட வராது. ஒரு சொல் தெரியாது எனக்கு. மத்தியானச் சாப்பாட்டில் சோறு வைக்கிறவர் வரிசையாக வந்தார். ஒருவன் இலைமேல் கையை நீட்டி ‘மதி’ என்றான். பரிமாறுகிறவர் நகர்ந்தார். அடுத்தவனும் ‘மதி’ என்றான். நான் நிமிர்ந்து பார்த்தேன்; அவன் தலையைக் குனிந்துகொண்டான். டீ ஊற்றும்போதும் அதே கதை. சரி, வரிசை கட்டி என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆட்டம் முடிந்ததும் அடி நிச்சயம் என்று முடிவு செய்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசி ஓவர் வந்தது. நன்றாகவே போட்டேன் என்பதைச் சபையில் சொல்லிக்கொள்கிறேன். கடைசிப் பந்துக்கு உத்தமபாளையம் ஜெயிக்க மூன்று ரன் வேண்டும். மட்டையோடு நின்றது சரவணன். பந்தை வாங்கித் திரும்பும்போது அவன் கிட்டே வந்து, “அப்பா வந்துருக்காக” என்று மெதுவாகச் சொன்னான். திரும்பிப் பார்த்தேன். பந்தல் ஓரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாஜி ஓடி வந்து அவன் என்ன சொன்னான் என்று கேட்டார். அவங்க அப்பா வந்திருக்கிறாராம் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், நான் உண்மையைச் சொன்னதற்குப் பதில் ஏதாவது நல்ல பொய்யாகச் சொல்லியிருக்கலாம்.

மெதுவான யார்க்கர் போட்டேன். சரவணன் தூக்கி அடிக்கப் பார்த்து, பந்து தரையோடு உருண்டு போனது. ஒரு ரன் ஓடினார்கள். பந்து எடுத்தவன் நேராக என் கைக்கு எறிந்தான். அதோடு ஆட்டம் முடிந்தது. பந்து என் கையில், சரவணன் என் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறான். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா நின்றிருந்தால் போதும்.

ஆனால் கீப்பர் இருந்த அந்தக் கோடியில் இன்னொரு ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியே நின்றான். அவனை ரன் அவுட் செய்துவிட்டால் என்மேல் ஒருத்தனும் சந்தேகப்பட முடியாதே என்று தோன்றியது. பழக்க தோஷத்தில் கையை ஓங்கினேன். உடனே ஷாஜி ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினார். “மதி, மதி!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று ஆட்டமாகத் ‘தேனி’ என்றவர், முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கீப்பரும் கத்தினான். எல்லைக்கோட்டில் நின்றவர்களும் கத்தினார்கள். பதினோரு பேரில் பத்துப் பேர் என் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்தும்போது எறியாமல் இருக்க நான் என்ன கல்லா? இருந்த பலத்தையெல்லாம் திரட்டி எறிந்தேன்.

ஸ்டம்பில் படவில்லை. கீப்பர் கையுறையைக் கழற்றி வானத்தில் வீசிவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்துகொண்டிருந்தான். பந்து அவன் காதை உரசிக்கொண்டு போய், பின்னால் கால்வாய்ப் பக்கத்துச் சரிவில் எல்லைக்கோட்டைத் தாண்டி, நாலு குதி குதித்துத் தண்ணீரில் விழுந்தது. ஓடிய ஒன்று, ஓவர்த்ரோ நான்கு. உத்தமபாளையம் ஜெயித்துவிட்டது.

குமுளிக்காரர்கள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. என் பையை மைதானத்தில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள். சரி, மச்சான் வீட்டிலாவது சந்தோஷப்படுவார்கள் என்று சரவணனைத் தேடினேன். கோப்பையைக் கக்கத்தில் வைத்திருந்தவன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் தரகர் வந்து விஷயத்தைச் சொன்னார். சோறு போட்டுக் கூட்டிவந்தவனுக்கே துரோகம் செய்கிறவனுக்குப் பெண் கொடுக்க முடியாது என்று பெரியவர் சொல்லிவிட்டாராம். நாங்கள் இனாமாக ஜெயிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று சரவணனும் சொன்னானாம். தோற்ற கட்சிதான் சந்தேகப்படும் என்று பார்த்தால், ஜெயித்த கட்சிக்கு அதைவிடப் பெரிய சந்தேகம்.

வெளியில் கோபம்போலக் காட்டிக்கொண்டாலும் உள்ளே அழுதேன். ராஜேஸ்வரி என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதுதான் தாங்கவில்லை. கடைசியில் ஷாஜிக்கே போன் செய்து சண்டை போட்டேன். “நீங்கதானே பேரச் சொல்லிக் கத்துனீக? எறியச் சொல்லிட்டு இப்ப என்னைத் துரோகிங்கிறீக?”

“எந்தா பேரு?” என்றார் ஷாஜி.

“மதி, மதின்னு கத்தலையா?”

பிறகு கேட்ட சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். சிரித்து முடித்து, மூச்சு வாங்கி அவர் சொன்னது இதுதான். அவர் தமிழ் நன்றாகப் பேசுகிறவர்தான், பதற்றத்தில் தாய்மொழி வந்துவிட்டது. மலையாளத்தில் ‘மதி’ என்றால் ‘போதும்’.

இலைமேல் கையை நீட்டியவர்கள் எல்லோரும் சோறு போதும் என்றிருக்கிறார்கள். கோப்பையைத் தூக்கவேண்டியவர்கள் ‘போதும், போதும்’ என்று கெஞ்சியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டுக் கண் கலங்கி எறிந்திருக்கிறேன்.

அடுத்த நாளே ஷாஜி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் வந்தார். ஏமாற்றப்பட்டவரே ஏமாற்றியவனுக்காகச் சாட்சி சொல்ல வந்தது அந்த வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டது. நான் அயோக்கியன் இல்லை, முட்டாள்தான் என்று அவர் எனக்காக மன்றாடினார். நானும் பக்கத்தில் நின்று ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு பாடுபட்டு வேறு எதையும் நான் நிரூபித்ததில்லை.

பெரியவர் என்னைப் பார்த்தார். “அப்ப நீங்க ஏமாத்தலை?”

“இல்லங்க மாமா.”

“வெளங்காமத்தான் எறிஞ்சீக?”

“ஆமாங்க மாமா.”

உள்ளே அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. “வெல போறவனை வச்சுக் குடும்பம் நடத்த முடியாது. வெவரம் இல்லாதவனுக்குச் சொல்லிக் குடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பெரியவர் பூ வைக்க நாள் பார்க்கச் சொன்னார்.

அதற்குப்பின் யாரும் என்னைக் கெஸ்ட்டாகக் கூப்பிடவில்லை. துரோகியைக்கூடக் கூப்பிடுவார்கள்போல, முட்டாள் என்று தெரிந்துவிட்டால் கூப்பிட மாட்டார்கள். உத்தமபாளையத்தில் விருந்துக்குப் போனால் நான் ‘போதும்’ என்றால் யாருக்கும் காது கேட்காது. ‘மதி’ என்று சொல்லும்வரை சோறு விழுந்துகொண்டே இருக்கும்.

ராஜேஸ்வரி மட்டும் அந்த மலையாளக் கதையை இன்றுவரை நம்பவில்லை. நான் அவளுக்காகத்தான் எறிந்தேன், அவளுடைய அண்ணனை ஜெயிக்க வைத்து அப்பா மனதைக் குளிர வைக்கத்தான் எறிந்தேன் என்பது அவள் கட்சி. போன மாதம் எங்கள் மகளிடம், “உங்கப்பா எனக்காக ஒரு கப்பையே விட்டுக்குடுத்தாக” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என்னிடம் வந்து நிஜமா என்று கேட்டாள். ராஜேஸ்வரி கையில் கரண்டியோடு என் முகத்தையே பார்த்தாள். இத்தனை வருடம் இல்லை, இல்லை என்றவனுக்கு அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல மனது வரவில்லை. ஆமாம் என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கரண்டியைக் கீழே வைக்காமலேயே போனை எடுத்து யாரிடமோ பேசப் போனாள். கொஞ்ச நேரத்தில் எனக்குச் சரவணனிடமிருந்து போன். அவன் வீட்டு ஷோகேஸில் நடுத் தட்டில் இருப்பது அந்த ஒரே ஒரு கோப்பைதான்.

“மாப்ள,” என்றான். “அப்ப அன்னைக்கு நாங்க ஜெயிக்கலையா?”