நெமிலிச்சேரிக் கல்லின்மேல் உட்கார்ந்த கதை

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் பொறாமையும் ஓய்வு பெற்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆவடி தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேனாக இருந்தவரை யாருடைய பதவி உயர்வுக்கும் நான் வயிறெரிந்ததில்லை. ரிடையராகி ஊர் வரலாறு எழுதக் கிளம்பிய பிறகுதான் ராஜகோபாலைப் பார்த்துப் பார்த்து வெந்தேன்.

அவரும் என்னைப்போல ஆவடி பக்கத்துச் சேக்காட்டுக்காரர்தான். ரிடையரான போஸ்ட் மாஸ்டர். அவருக்கும் ஊர் வரலாற்றுப் பைத்தியம். நான் ஏரி மதகில் கல்வெட்டு தேடிப்போய்ப் பாம்பைக் கண்டு ஓடி வருவேன். அவர் கட்டுரையோ உள்ளூர் வாரப் பத்திரிகையில் போட்டோவோடு வரும். (அந்தப் போட்டோவில் அவருக்கு முடி வேறு அதிகம்!)

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மனிதர் அடிக்கடி நெமிலிச்சேரிக்கு ரயிலேறினார். கேட்டால், "ஒரு நல்ல விஷயம் சார், முடியட்டும், சொல்றேன்" என்று சிரிப்பார். கல்வெட்டுதான், சந்தேகமே இல்லை! எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் பின்னாலேயே போய் அவர் நுழைந்த வீட்டைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை முந்திக்கொண்டு போய் நின்றேன்.

வாசலில் அடிபம்பு, பக்கத்தில் துவைக்கிற கல். அதில் எழுத்து! படியெடுக்கலாமா என்று வீட்டம்மாளைக் கேட்டேன்.

"தொவைக்கிற கல்லுல இன்னா சார் கீது? சீக்கிரம் முடிச்சுக்கினு போ சார், ஊட்டுக்கு ஆளுங்க வராங்கோ."

(எந்த ஆளுங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால்தானே!)

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றினேன். கறுத்த தாளில் எழுத்துகள் மட்டும் வெள்ளை வெளேரென்று எழும்பின. இனி என் போட்டோ வரும் என்று பூரித்த நேரத்தில் தெருமுனையில் ராஜகோபால்! பின்னால் மனைவி, மகன், பூ, பழத் தட்டு. தட்டையெல்லாம் யார் கவனித்தார்? கல்லை மறைக்க வேண்டுமே! சட்டென்று அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன், வெள்ளை வேட்டியோடு.

"அட, சார்! நீங்க பொண்ணு வீட்டுக்கு உறவா?"

அப்போதுதான் உறைத்தது. பாவி மனுஷன் மகனுக்குப் பெண் தேடியல்லவா அலைந்திருக்கிறார்!

"உள்ள வாங்க சார்."

"பரவாயில்ல சார், இங்கயே நல்லா காத்து வருது."

என்னையும் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துவிட்ட வீட்டம்மாள் விடுவாளா? "நல்ல காரியத்துக்கு வந்துகினு, கல்லு மேல குந்திகினு கீற! ஏந்திரி சார்!" என்று கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள்.

எழுந்தேன். தாளும் வேட்டியோடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. பெண் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் என் பின்புறத்தைப் பார்த்தது. ஜன்னலில் பெண்ணே சிரித்தாள். ராஜகோபால் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"கல்வெட்டு! சார், கொஞ்சம் அசையாம நில்லுங்க!"

நின்றேன். வேறென்ன செய்ய? தாளைப் பதமாக உரித்தெடுத்துக்கொண்டார்.

கல்யாணம் நடந்தது. கட்டுரையும் வந்தது, அவர் போட்டோவோடு. கடைசி வரியில், "இக்கல்வெட்டை எனக்கு முன்பே கண்டு, அதன்மேல் அமர்ந்திருந்த நண்பருக்கு நன்றி" என்று போட்டிருந்தார். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டில் நான் நாற்காலியைவிட்டு எழுந்தால் போதும், என் மனைவி எட்டிப் பார்த்துச் சொல்வாள்:

"கொஞ்சம் திரும்புங்க, எந்த ராஜா காலம்னு பாக்கலாம்."