மாமா எழுந்திருக்கவில்லை

பஸ் இரண்டாவது முறை ஹாரன் அடித்தபோதுதான், மாமா எழுந்திருக்கப் போவதில்லை என்பது மாப்பிள்ளைக்கு உறைத்தது.

விகாரையின் உள்கூடம் கிட்டத்தட்டக் காலியாகிவிட்டிருந்தது. பெரிய புத்தர் சிலைக்குப் பக்கவாட்டில், கல்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் மாமா. உள்ளே வந்ததும் எல்லாரையும் போலத்தான் அவரும் குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தவர் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு அப்படியே பின்பக்கமாக நகர்ந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து படி ஏறி இறங்கிய களைப்பு என்றுதான் மாப்பிள்ளை நினைத்திருந்தான்.

"மாமா, பஸ் கிளம்பப் போகுதாம்."

மாமா கண்ணைத் திறக்கவில்லை. வலது உள்ளங்கையை மட்டும் லேசாக உயர்த்தினார்.

"எல்லாரும் போகட்டும்."

"எல்லாரும் போயாச்சு மாமா. நாமதான் பாக்கி."

"நீங்களும் போங்க மாப்பிள்ளை."

குரல் அவ்வளவு சாந்தமாக இருந்தது. மாப்பிள்ளை இன்னும் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மாமா அவனிடம் சாந்தமாகப் பேசியதே கிடையாது.

மாமா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்ட ஆளைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். கல்யாணம் பேசப் போன முதல் நாளே மாப்பிள்ளையையும் அப்படித்தான் மேலிருந்து கீழே பார்த்தார். அந்தக் குடும்பத்தில் தான் இன்னும் டிக்கெட் இல்லாமல்தான் பயணம் செய்துகொண்டிருப்பதாக அவனுக்கு உள்ளூர ஓர் உறுத்தல் உண்டு.

ஓய்வுக்குப் பிறகு பரிசோதிக்க ரயில் இல்லாததால் மாமா வீட்டைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். சமையலறையில் ஆளில்லாதபோது விளக்கு ஏன் எரிகிறது, குழாய் ஏன் சொட்டுகிறது, வாசலில் செருப்பு ஏன் கோணலாகக் கிடக்கிறது. அத்தையும் சளைத்தவரில்லை. கேள்வி ஒன்று வந்தால் பதில் நாலு போகும். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். புராதன இந்துக் கோயில்களையும் பௌத்தத் தலங்களையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பஸ். கைடு உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு. அப்பாவுக்குக் கொஞ்சம் மன அமைதி கிடைக்கும், நீங்கள் துணைக்குப் போய் வாருங்கள் என்றாள். அவளுக்கு ஆபீசில் லீவு இல்லை. அத்தையோ, 'நான் வரலை' என்று சொன்ன வேகத்தைப் பார்த்தால், மன அமைதி யாருக்கு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

காலையிலிருந்து மாமாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஆற்றங்கரையில் கூரையில்லாமல் நிற்கும் சிவன் கோயிலில், மூன்றாவது தூண் சாய்ந்திருப்பதை யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். குன்றைக் குடைந்து செய்த பெருமாள் சன்னதியில், இவ்வளவு இருட்டாக வைத்திருந்தால் சாமியை எப்படிப் பார்ப்பது என்றார். ஸ்தூபிக்கு உள்ளே போக வாசலே இல்லை என்று கைடு சொன்னதும், வாசல் இல்லாத கட்டடத்தை எதற்காகக் கட்டினார்கள் என்று அவளை நிறுத்தி வைத்து விசாரித்தார். ஒரே ஓர் இடத்தில்தான் பேசாமல் நின்றார். இளவரசர் அரண்மனையை விட்டுப் புறப்படுகிற சிற்பம் அது.

"யார்கிட்டயும் சொல்லிக்காமயா கிளம்பிட்டாரு?" என்று கேட்டார்.

ஆமாம், மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது என்றாள் கைடு.

"ம்," என்றார் மாமா.

அந்த 'ம்' இப்போது மாப்பிள்ளையின் காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

கைடு உள்ளே ஓடி வந்தாள். சின்னப் பெண். கழுத்தில் அட்டை, கையில் மடக்கிய குடை. கடைசிக் கோயிலில் நடை சாத்திவிட்டால் பஸ் முழுக்கத் தன்னைத்தான் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் வாங்க சார் என்று கெஞ்சினாள்.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றில் புகார் வாங்கும் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்து கத்தும்போது, ஆள் கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். ஆள் அப்போதுதான் டீ குடிக்கப் போயிருப்பார். அந்தப் பழக்கத்தில் ஒரு பொய் சட்டென்று வாயில் வந்தது. மாமா ஆழ்ந்த தியானத்தில் இருக்கிறார், நடுவில் கலைத்தால் உடம்புக்கு ஆகாது என்றான். கொஞ்ச நேரம் கிடைத்தால் எப்படியாவது எழுப்பிவிடலாம் என்பதுதான் கணக்கு.

ஆனால் அந்தப் பெண் மாமாவைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. தினம் தினம் இதே விகாரையில், இதே வார்த்தைகளை, போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்தவள் அவள். அவள் பேச்சைக் கேட்டு இதுவரை ஒருவர்கூடத் தியானத்தில் உட்கார்ந்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மைக்கைப் போட்டு, நம்மோடு வந்த பெரியவர் ஒருவருக்கு உள்ளே ஏதோ நடந்திருக்கிறது என்று அறிவித்தாள்.

பஸ் காலியாயிற்று. போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள்.

மாப்பிள்ளை வாசலில் கையை விரித்துத் தடுத்தான். தியானத்துக்கு அமைதி வேண்டும், தயவுசெய்து எல்லாரும் பஸ்ஸுக்குப் போங்கள் என்றான். அவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சத்தமே போடாமல் வந்து மாமாவைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த நிசப்தத்தைப் பார்த்துவிட்டு, வெளியே நின்றிருந்த வேறு இரண்டு பஸ்களில் வந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். சட்டென்று மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பியது.

"முகத்துல என்ன ஒரு பிரகாசம் பாருங்க," என்றார் முட்டிவலி அம்மா. அவர் காலையிலிருந்து ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே ஏறியவர். பஸ் முழுக்க அவருடைய முட்டியை அறியும். இப்போது தரையோடு தரையாக நகர்ந்து மாமாவின் பக்கத்திலேயே போய்விட்டார். முட்டியைக் காட்டி ஏதோ முறையிட்டார்.

மாமா உள்ளங்கையைத் தூக்கி, பல்லைக் கடித்தபடி, "தள்ளிப் போங்கம்மா," என்றார்.

"வலி தள்ளிப் போகும்னுட்டாரு," என்று அந்த அம்மா கூட்டத்துக்குத் திரும்பிச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் எழுந்து நின்றும் காட்டிவிட்டார்.

அதன் பிறகு வரிசை உண்டாயிற்று. தோள்பட்டை வலி, பேரனுக்கு வேலை, வாடகைக்கு ஆள் வராத மாடி வீடு என்று ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். மாமா எல்லாரையும் உள்ளங்கையால் விரட்டினார். விரட்டப்பட்டவர்கள் முகம் மலர்ந்து திரும்பினார்கள்.

இனி பேச்சு உதவாது என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. டிரைவரைக் கூட்டிவந்தான். ஆளுக்கு ஒரு தோளாகப் பிடித்து நிதானமாகத் தூக்கிவிடுவது என்று ஏற்பாடு. கை அக்குளுக்குள் போனதுதான் தாமதம், மாமா இரண்டு உள்ளங்கையையும் தரையில் அழுத்தி, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"என்னைத் தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற."

டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார். கூட்டம் மாப்பிள்ளையின் மேல் பாய்ந்தது. ஒரு மனிதருக்கு எத்தனையோ பிறவிக்கு ஒரு தடவை வாய்க்கிற நேரம், அதில் போய்க் கையைப் பிடித்து இழுக்கிறாயே, நீயெல்லாம் ஒரு மருமகனா என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள். பேரனுக்கு வேலை கேட்டவர்தான் எல்லாரையும்விடக் கடுமையாகப் பேசினார். கைடு குடையைக் குறுக்கே நீட்டி மாமாவுக்குக் காவல் நின்றுகொண்டாள். கடைசிக் கோயிலைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டான். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும், அப்பா விகாரையிலேயே இருந்துவிடுவார் போலிருக்கிறது என்ற செய்தியைப் பக்குவமாகச் சொல்ல முடியவில்லை. அவள் அழுதுகொண்டே அத்தையையும் போனில் இணைத்தாள்.

அத்தை பதறவில்லை. "அங்க அவர் துணியை அவரேதான் துவைச்சுக்கணும்னு யாராவது சொன்னாங்களா, மாப்பிள்ளை?" என்றார்.

"அம்மா, சும்மா இரு," என்று அழுதாள் மகள். அப்பா இல்லாமல் வீட்டுப் பக்கம் வரவே கூடாது என்று கணவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாள்.

ஸ்பீக்கரைப் போட்டு, போனை மாமாவின் காதருகே நீட்டினான் மாப்பிள்ளை. கூடத்தில் எறும்பு ஊர்ந்தால்கூடக் கேட்டிருக்கும்.

பிறகு அத்தையின் குரல் வந்தது. அந்தக் குரலை அப்படி இறங்கிய நிலையில் மாப்பிள்ளை கேட்டதே இல்லை.

"இங்க பாருங்க. விளக்கு ஏன் எரியுதுன்னு எத்தனை தடவை வேணா கேளுங்க. நான் பதிலுக்குப் பதில் பேசலை. வீட்டுக்கு வந்துடுங்க."

மாமாவின் கண்ணோரம் ஈரமானது. உதடு துடித்தது.

"எப்படி வருவேன்?" என்றார் மெல்ல. "நீயே சொல்லு, நான் எப்படி வருவேன்?"

முட்டிவலி அம்மா விம்மினார். அவரைப் பார்த்து வரிசையில் நின்றவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். போனில் மகள் ஓவென்று அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தை ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டார்.

மாப்பிள்ளை போனைத் தாழ்த்தினான். இந்த மனிதரோடு ஆறு வருஷமாக எதற்கெடுத்தாலும் எரிச்சல்தான். ஆனால் நாளைக்குக் காலையில் வாசல் செருப்பைப் பற்றிக் கேட்க ஆள் இருக்காது என்று நினைத்தபோது அந்த எரிச்சலே ஒரு சொத்து மாதிரித் தெரிந்தது. மாமா இப்போது கண்ணைத் திறந்து அவனையே பார்த்தார். டிக்கெட் கேட்கும் பார்வை இல்லை அது. டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவரின் பார்வை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கைடும் முட்டிவலி அம்மாவும் கேட்பதற்காக இன்னும் முன்னால் குனிந்தார்கள். மாமா வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் விகாரையைப் பார்த்துக்கொள்ளும் பிக்கு உள்ளே வந்தார். வயதானவர், ஒல்லியான உடம்பு. வாசலைப் பூட்ட வந்தவர், இத்தனை பேர் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று புரியாமல் நின்றார். மாப்பிள்ளை ஓடிப்போய் அவர் முன்னால் கையைக் கூப்பினான்.

இவர் குடும்பஸ்தர், தினம் காலையிலும் இரவிலும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர், தலையணை சரியில்லையென்றால் தூங்கவே மாட்டார், அவர் கேட்டாலும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்று மளமளவென்று சொல்லி முடித்தான்.

"அவர் என்ன கேக்கிறாருன்னு முதல்ல கேட்டீங்களா, தம்பி?" என்றார் பிக்கு.

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தான். கேட்கவில்லைதான்.

பிக்கு கையசைத்து எல்லாரையும் சில அடி தள்ளி உட்கார வைத்தார். மாமாவின் பக்கத்தில் போய்க் குந்தி, தன் காதை அவர் வாயருகே கொண்டுபோனார். மாமா ரகசியமாகப் பேசினார். இரண்டு நிமிஷமாவது பேசியிருப்பார். ஒரு தடவை கூட்டத்தைக் காட்டினார்; ஒரு தடவை புத்தரைக் காட்டினார்; ஒரு தடவை மாப்பிள்ளையைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். பிக்கு முகத்தில் சலனமே இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாமாவின் தோளில் ஆதரவாக ஒரு தட்டுத் தட்டி எழுந்தார்.

கூட்டம் முழுக்கக் கையைக் கூப்பியது. கைடு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை போனை உயரத் தூக்கிப் பிடித்தான், வீட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

பிக்கு பெண்கள் இருந்த பக்கமாகத் திரும்பினார்.

"யார்கிட்டயாவது ஊக்கு இருந்தா ரெண்டு குடுங்கம்மா. பாவம், குனிஞ்சு கும்பிட்டப்பவே அவர் பேண்ட் பின்னாடி முழுசாக் கிழிஞ்சுபோச்சாம்."