முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஒரு சரி

ஸ்டோர்கீப்பருக்கு அப்படி ஒரு மனைவி வாய்த்தது பெரிய பாக்கியம். இதை அவரே சொல்வார், யாரும் கேட்காமலே சொல்வார். ஆனால் பதினான்கு வருஷமாக வாயளவில் சொல்லிவந்ததை அவர் மனசார உணர்ந்தது போன சனிக்கிழமைதான்.

அன்று எழுந்ததே ஒரு மாபெரும் தீர்மானத்தோடு. வீட்டுக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வது. லினக்ஸில் ஓடும் கம்ப்யூட்டர் அது. மூன்று வருஷத்துக்கு முன் அவரே போட்டுக் கொடுத்தது. துணி வெட்டுவதற்கான அளவுப் படங்களை மனைவி அதில்தான் வரைகிறாள். இரண்டு வாரமாக அது 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று புலம்பிக்கொண்டிருந்தது. அன்று நாலு மணிக்குள் குழந்தைகள் மழைக்கோட்டுக்கான படம், ஏழு அளவிலும், கட்டிங் மாஸ்டருக்குப் போயாக வேண்டும். அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். மூன்று வார உழைப்பு. அவள் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் மெஷினைப் பறக்கவிட்டு, "நீங்க இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

இடத்தைக் காலி பண்ணுவது அவருக்குப் புதிதில்லை. தொழிற்சாலை ஸ்டோரில் இருபது வருஷமாக அதுதானே பிழைப்பு. தேடு, பிரி, தூக்கு. உள்ளே இருக்கும் பேக்கேஜ்களையெல்லாம், அதாவது மென்பொருள் மூட்டைகளையெல்லாம், பட்டியல் போடச் சொன்னார். இரண்டாயிரத்துச் சொச்சம் வந்து கொட்டியது. மனிதர் அசரவில்லை. மூன்று குழுவாகப் பிரித்தார். தெரிந்தவை. தெரியாதவை. பேரைப் பார்த்தாலே பிடிக்காதவை.

மூன்றாவது குழுவில் ஒன்று கண்ணை உறுத்தியது. ரயில் நீளத்துக்குப் பெயர், நடுநடுவே எண்கள். இதை யாரும் திறந்து அவர் பார்த்ததே இல்லை. ஆறு மாசம் கை படாத சாமான் ஸ்டோரில் இருக்கக் கூடாது என்பது அவர் சட்டம். "நீக்கு" என்றார்.

கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்தது. சொன்னவுடனே செய்துவிடவில்லை. 'இதை நம்பி இன்னும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேக்கேஜ்கள் இருக்கின்றன. அவையும் சேர்ந்து போகும். சரியா?' என்று ஒவ்வொன்றின் பெயரையும் எழுதிக் காட்டிக் கேட்டது. பதினான்கு வருஷக் குடும்பஸ்தர். நீளமாகப் பேசிவிட்டு யாராவது கடைசியில் "சரியா?" என்றால் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாதா? "சரி" என்றார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

பெருமையோடு ஒருமுறை அணைத்துப் போட்டார். ஜன்னல் இல்லை, படம் இல்லை, மவுஸ் அம்பு இல்லை. கும்மிருட்டுத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி, 'நீ யார்?' என்று கேட்கிற தோரணையில்.

மழைக்கோட்டு! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒன்றும் தோன்றாமல் மானிட்டர் ஒயரைப் பிடுங்கினார்.

"என்னங்க, ஒயரும் கையுமா நிக்கிறீங்க?"

"மானிட்டர் போயிடுச்சும்மா."

"அச்சச்சோ. எப்படி?"

"தானாத்தான். வயசாயிடுச்சுல்ல."

"வாங்கி எட்டு மாசம்தானே ஆச்சு?"

"இப்பல்லாம் பொருள் அப்படித்தான் வருது. காலையில நல்லாத்தான் இருந்துச்சு, பாவம்."

"நீங்க அந்தப் பக்கமே போகலையே?"

"சேச்சே! நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

"இன்னிக்குப் பேப்பரே வரலையே."

"நேத்துப் பேப்பர்."

அவள் பையைக் கீழே வைத்தாள். ஒயரை வாங்கிச் செருகினாள். வெள்ளை வரி பளிச்சென்று வந்தது. பெயரைத் தட்டி, இன்னும் ஏதோ இரண்டு வரி தட்டினாள்.

"அது என்னம்மா?"

"பதிவேடு. யாரு, எப்போ, எதை எடுத்தாங்கன்னு இதுவே எழுதி வச்சுக்கும். உங்க ஸ்டோர்ல கிடையாதா?"

ஸ்டோர்கீப்பர் நேற்றைய பேப்பரை எடுத்து விரித்தார்.

"இன்னிக்குக் காலையில பத்து நாப்பது," என்று அவள் வாசித்தாள். "எடுத்தது முந்நூத்திப் பதிமூணு. எடுத்தவர்..."

"போதும்மா."

"பேரு எங்கேயோ கேட்ட பேராட்டம் இருக்கே!"

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மூணு வாரம் கண்ணு முழிச்சு வரைஞ்சியே. எல்லாத்தையும் அழிச்சிட்டேனா?" குரல் உடைந்துவிட்டது. அதற்கு மேல் அவளுக்கும் விளையாட மனசு வரவில்லை.

"பேனாவைத் தூக்கிப் போட்டா எழுதின தாளும் போயிடுமா? நீங்க தூக்கினது வரையற சாமானைத்தான். வரைஞ்சது அப்படியே இருக்கு."

பிறந்ததிலிருந்து அவர் காதில் இத்தனை நல்ல வாக்கியம் விழுந்ததில்லை.

"சாமானும் திரும்பி வருமா?"

"வரும். நடந்ததை நடக்காததா ஆக்குன்னு ஒரு கட்டளை இருக்கு."

"அப்படிக்கூட இருக்கா?"

"கம்ப்யூட்டருக்கு இருக்கு. கல்யாணத்துக்குத்தான் இல்லை."

"இதையெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க போன தடவை சுத்தம் பண்ணப்போ. சவுண்டு மொத்தமும் போச்சு. உங்க காதுதான் மந்தம்னு டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தீங்களே, அப்போ."

முந்நூற்றுப் பதிமூன்றும் போன வழியே திரும்பி வந்தன. அவள் அதோடு விடவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை எவை என்று தேடினாள். பழைய அப்டேட்களின் மிச்சமீதி. ஒவ்வொன்றையும் எது நம்பியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நீக்கினாள். பாதி டிஸ்க் காலி. நாலு மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் மழைக்கோட்டு கிளம்பியது. ஐந்து மணிக்குக் கட்டிங் மாஸ்டரே போன் செய்தார். "ஒரு நூல் பிசகலைங்க. அடுத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்."

ஸ்டோர்கீப்பருக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. ஒரு திட்டு இல்லை, ஒரு முறைப்பு இல்லை. சாயங்காலம் அவருடைய அக்கா போன் செய்தபோதுகூட மூச்சு விடவில்லை. "நீ இல்லேன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்று அவரே அவளிடம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது நிஜம்.

மறுநாளும் அந்த நன்றி அவரை இருப்புக்கொள்ள விடவில்லை. நன்றியுள்ள மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அவளுக்குக் கைமாறாக ஏதாவது செய்தே ஆக வேண்டும். அவள் அடுக்களையில் இருந்தாள். அவர் சத்தமில்லாமல் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். இந்தமுறை ஒன்றே ஒன்று, ரொம்பச் சின்னது, பட்டியலை முழுசாகப் படித்துவிட்டுத்தான். "நீக்கு" என்றார். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தார்.

திரையில் எழுத்து வந்தது: 'உங்களுக்கு இங்கே நிர்வாகி அதிகாரம் இல்லை. இந்தச் சம்பவம் உரியவருக்குத் தெரிவிக்கப்படும்.'

நேற்றுக் காலைவரை இருந்த அதிகாரம் எங்கே போனது, யார் அந்த உரியவர் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அடுக்களையில் செல்போன் 'டிங்' என்றது.

"என்னங்க, தெரிவிச்சிடுச்சு!"